தண்ணீர் பழகியவர்களுக்கு விமானக் கழிவறை

விமானத்துக் கழிவறையில் கழிவை இழுப்பது தண்ணீர் இல்லை, காற்று. பொத்தானை அழுத்தியதும் கோப்பைக்கு அடியில் ஒரு வால்வு சில நொடி திறக்கும். மேலே பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசமே கழிவைத் தொட்டிக்கு உறிஞ்சிக்கொண்டு போகிறது. தரையிலும் சுமார் 16,000 அடிக்குக் கீழும் அது போதாது என்பதால் அந்த வேலையை ஒரு மோட்டார் செய்யும். கோப்பையை அலச வரும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு டம்ளர்தான்.

சாப்பாட்டு வண்டி கிளம்புவதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள். தட்டு மடியில் இருக்கும்போது எழ முடியாது, சாப்பிட்டு முடித்ததும் வரிசை நீளும். காலில் செருப்போ ஷூவோ கட்டாயம். தரையில் இருக்கும் ஈரம் எல்லாம் தண்ணீர் என்று நம்பிவிடாதீர்கள்.

பல விமானங்களில் கதவு நடுவில் மடியும். மடிப்புப் பக்கமாக உள்ளே தள்ளினால் திறந்துகொள்ளும். உள்ளே போய்த் தாழ்ப்பாளை முழுக்க நகர்த்துங்கள். விளக்கு மங்கலாகவே எரிந்தால் தாழ் சரியாக விழவில்லை, வெளியே இன்னும் பச்சைதான் காட்டிக்கொண்டிருக்கும்.

இனி கழுவும் விஷயம். பெரும்பாலான விமானங்களில் கைக்குழாய் கிடையாது. வாஷ்பேசின் ஆழமில்லாதது, பாட்டிலைக் குழாய்க்கு அடியில் நிமிர்த்தி வைக்க முடியாது. குழாயும் அழுத்தினால் சில நொடி ஊற்றிவிட்டு நின்றுவிடும். அதனால் உட்காருவதற்கு முன்பே இரண்டு பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காலி பாட்டிலைப் பாதுகாப்புச் சோதனை தாண்டியபின் நிரப்பி எடுத்துப்போவது இன்னும் வசதி. முதலில் டிஷ்யூவால் துடைத்துவிட்டு, பிறகு கோப்பைக்குள்ளேயே விழும்படி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழுவுங்கள். வீட்டுக் குளியலறை மாதிரி தண்ணீர் ஓட இங்கே வழி இல்லை. சிந்தியது தரைக்கடியில் இறங்கி நாளடைவில் உலோகத்தை அரிக்கும், ஆகவே சிந்தினால் துடைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை வாயில் விடவேண்டாம், பல் தேய்க்கக்கூட.

மூடியைக் கவிழ்த்துவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். சத்தம் குறையும், துளி தெறிப்பதும் குறையும். குழந்தையைக் கோப்பையிலிருந்து இறக்கியபின்தான் அழுத்தவேண்டும், அந்த உறுமலுக்குப் பெரியவர்களே திடுக்கிடுவார்கள். அழுத்தியும் இழுக்கவில்லை என்றால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் சிப்பந்தியிடம் சொல்லுங்கள்.

கோப்பைக்குள் டாய்லெட் பேப்பர் மட்டும்தான் போகலாம். டயப்பர், நாப்கின், ஈரத்துடைப்பான், பேப்பர் கப் எல்லாம் குப்பைப் பெட்டிக்கு. கழிவுக்குழாய் குறுகலானது, வளைவில் ஒரு துணி சிக்கினால் அந்த வரிசைக் கழிவறைகள் மொத்தமும் படுத்துவிடும். 2025 மார்ச்சில் சிகாகோவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் அட்லாண்டிக் வரை போய்த் திரும்பியது இதனால்தான்: 12 கழிவறைகளில் 8 அடைப்பு. குழாய்க்குள் கிடைத்தவை பாலிதீன் பைகள், கந்தல், துணிமணி.

புகைக்கத் தடை இருந்தும் கதவருகே ஆஷ்ட்ரே இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மீறுகிறவர் சிகரெட் துண்டை டிஷ்யூ நிறைந்த குப்பைப் பெட்டியில் போட்டுவிடக்கூடாதே என்றுதான் அது. 1973இல் பாரிஸ் அருகே பிரேசில் நிறுவனமான வாரிக்கின் விமானத்தின் பின்பக்கக் கழிவறையில் பற்றிய தீ 123 உயிர்களைக் கொண்டுபோனது.

வயதானவர்கள் உள்ளே மாட்டிக்கொள்வோமோ என்று தாழ் போடாமல் இருக்கவேண்டாம். சிப்பந்திகளால் வெளியிலிருந்தே அதைத் திறக்க முடியும்.