டேலி கணக்கு மென்பொருளை இ-இன்வாய்ஸ் தளத்துடன் இணைக்கும் முறை

ஓசூர் சிப்காட் பட்டறையானாலும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையானாலும், 2017-18 முதல் ஏதேனும் ஒரு நிதியாண்டில் விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், ஜிஎஸ்டி பதிவுள்ள வணிகர்களுக்குப் போடும் பில்லை அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

முதலில் அத்தளத்தின் ஏபிஐ (மென்பொருள் இணைப்பு) பதிவுப் பகுதியில், உங்கள் மென்பொருளை அத்தளத்துடன் இணைத்துத் தரும் ஜிஎஸ்பி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கெனத் தனிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உருவாக்குங்கள். பிறகு டேலியில் எஃப்11 அழுத்தி இ-இன்வாய்ஸ் வசதியை இயக்குங்கள்.

உண்மையான வேலை லெட்ஜர்களில்தான், அதாவது வாடிக்கையாளர் கணக்குப் பதிவுகளில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு முழுநாள் ஒதுக்கினாலும் தகும். பெங்களூரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் கர்நாடகத்தின் குறியீடான 29 என்று தொடங்கும்போது, முகவரியில் ஓசூரின் பின்கோடோ தமிழ்நாடு என்ற மாநிலப் பெயரோ தவறிப் பதிவாகியிருந்தால், தளம் பில்லைத் திருப்பி அனுப்பிவிடும். அங்கே அனுப்பும் சரக்குக்கு, மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி வரி கணக்கிடப்படுகிறதா என்பதையும் பாருங்கள். பில் எண் 16 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கக் கூடாது.

பதிவானதும் பில்லுக்கான 64 எழுத்துள்ள ஐஆர்என் என்ற பதிவு எண்ணும் கியூஆர் குறியீடும் வரும். குறியீட்டைப் பில்லில் அச்சிட்டே கொடுங்கள். ரத்து செய்ய 24 மணி நேரமே அவகாசம் உண்டு, ரத்தான பில் எண்ணை மீண்டும் பயன்படுத்த இயலாது. அவகாசம் கடந்துவிட்டால், பில் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டுச் சரிசெய்யலாம்.