தலைக்காயமும் கொழுப்பு மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தக் கொழுப்பைக் குறைக்க லட்சக்கணக்கானோர் அன்றாடம் போட்டுக்கொள்ளும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகள், அடிபட்ட மூளை தேறுவதற்கும் உதவுமா என்று ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். கேள்வி நியாயமானதுதான், உறுதியான விடைதான் இன்னும் கிடைக்கவில்லை. விடை கிடைக்காத இந்த நிலையில், பலன் உண்டு என்று எங்கோ படித்துவிட்டுத் தாமாகவே மாத்திரையைத் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்ததை, தலையில் அடிபட்ட பரபரப்பில் யாரையும் கேட்காமல் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டில் கேடு அதிகம் என்று நான் கருதுவது இரண்டாவது தவறில்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுபது வயதைத் தாண்டியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, நினைவு தடுமாறிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது என்று முதல் நாள் சொல்லப்படுகிறது. வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பா யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கேஸ் ஷீட்டில் எழுதப்படாத மாத்திரை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இடம்பெறுவதில்லை. யாரும் முடிவெடுத்து நிறுத்தாமலேயே மாத்திரை இப்படி நின்றுபோகிறது. ஸ்டாட்டினைத் திடீரென நிறுத்தும்போது, அது அடக்கி வைத்திருந்த அழற்சி வினைகள் மீண்டும் தலைதூக்குவதும், ரத்தக்குழாயின் உட்சுவர், குழாயை விரியவைக்கும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பது குறைவதும் ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டவை. 2007ல் ஸ்பெயினிலிருந்து வெளியான ஒரு சிறு ஆய்வில், ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்த 89 பக்கவாத நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முதல் மூன்று நாள் மட்டும் மாத்திரையை நிறுத்தினார்கள். மறுபிரிவினருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் நிறுத்திய பிரிவில் 60 விழுக்காடு, தொடர்ந்த பிரிவில் 39 விழுக்காடு. அது ரத்த ஓட்டம் அடைபட்டதால் வந்த பக்கவாதத்தில் நடந்த ஆய்வு என்பதால் தலைக்காயத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும், காரணமின்றி நிறுத்தக் கூடாது என்று எச்சரிக்க அது போதுமானது.

வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு முதல் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது, நிறுத்தியதை எப்போது மீண்டும் தொடங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நோயாளியால் விழுங்க முடியவில்லை என்றால் மூக்கு வழிக் குழாயில் கொடுக்கலாமா என்பதும் மருத்துவர் சொல்ல வேண்டிய பதில். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அவர் தெரிந்தே சில காலம் ஸ்டாட்டினை நிறுத்தி வைக்கவும் கூடும். பக்கவாதம் கண்டவர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த, 2006ல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தப் பக்கவாதங்கள் குறைந்தபோதிலும் மூளை ரத்தக்கசிவு மாத்திரை எடுத்தவர்களில் 55 பேருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 33 பேருக்கும் ஏற்பட்டது என்பது இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம்.

மாத்திரை அட்டை என்றதும் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு; நம் நாட்டு நிலையில் இதுவே மிகவும் ஆபத்தான தவறு. ‘கொழுப்பு மாத்திரை’ என்று வீட்டில் அழைக்கப்படுவது பல நேரங்களில் கொழுப்பு மாத்திரை மட்டுமல்ல. அட்டோர்வாஸ்டாட்டினுடன் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் சேர்ந்த கூட்டு மாத்திரைகளும், ரோசுவாஸ்டாட்டினுடன் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டும் சேர்ந்த கேப்சூல்களும் இந்தியச் சந்தையில் ஏராளமாக விற்பனையாகின்றன. அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வணிகப் பெயரும் அதன் வாலில் ‘ஏ.வி.’ என்றோ ‘கோல்டு’ என்றோ ஓரிரு எழுத்தும்தான் கண்ணில் படும்; உள்ளே என்ன இருக்கிறது என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பாதி அட்டை கிழிக்கப்பட்டிருந்தால் அதுவும் இருக்காது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல்லும் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பவை. தலைக்குள் கசிவு இருக்கும் நேரத்தில் அவை கசிவைப் பெரிதாக்கக்கூடும். ‘கொழுப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்ற நல்ல அறிவுரையைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அட்டையிலிருந்தோ பழைய சீட்டைக் காட்டி வாங்கிய அட்டையிலிருந்தோ இந்தக் கூட்டு மருந்தை அடிபட்டவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஸ்டாட்டினைத் தொடர வேண்டும், ஆஸ்பிரினை நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தால், தனி ஸ்டாட்டின் மாத்திரையை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதே சரி.

அடுத்த தவறு, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவதால்தான் மூளை தேறும் என்று எண்ணிக்கொள்வது. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் அதற்குள் நுழைவதில்லை. ஸ்டாட்டினிடம் ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பது அதன் பக்கப் பலன்களை, அதாவது அழற்சியையும் வீக்கத்தையும் தணிப்பது, சிறு ரத்தக்குழாய்களின் ஓட்டத்தைக் காப்பது போன்றவற்றை. ஆகவே லேப் ரிப்போர்ட்டில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவு இறங்கியது என்பது தலைக்காயம் எவ்வளவு ஆறியது என்பதற்கு அளவுகோல் ஆகாது. ஸ்டாட்டின் கிடைக்காவிட்டால் பீனோஃபைப்ரேட், எசிட்டிமைப் என்று வேறு கொழுப்பு மருந்துகளைப் போட்டுக்கொள்வதற்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. எண்ணெயே இல்லாத கஞ்சியை மட்டும் கொடுத்துக் கொழுப்பைக் குறைக்கப் பார்ப்பது இன்னும் மோசம்: தலையில் பலத்த காயம்பட்ட உடலுக்கு எரிசக்தித் தேவை கூடுகிறது, ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள்ளாவது அடிப்படைத் தேவைக்கான கலோரி முழுமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டல்.

இனி, ஆய்வுச் செய்திகளைப் படிக்கும் விதத்தில் நேரும் தவறுகள். ஸ்டாட்டின் வரலாறே சுவையானது. 1970களில் ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தது, கியோட்டோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து. தலைக்காயத்துக்கு அது உதவக்கூடும் என்ற நம்பிக்கை வந்தது எலிகளிடமிருந்து. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர ஆய்வாளர்கள், மூளையில் அளந்து அடி கொடுக்கப்பட்ட எலிகளுக்கு அட்டோர்வாஸ்டாட்டினும் சிம்வாஸ்டாட்டினும் கொடுத்தபோது அவை வழி கண்டுபிடிக்கும் திறனை விரைவில் மீட்டுக்கொண்டதாகக் காட்டினார்கள். அந்த எலிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில், ஒரே விசையில் அடி. சாலையில் விழும் மனிதர்களில் ஒருவருக்கு மண்டையோட்டுக்கு அடியில் ரத்தக்கட்டு, இன்னொருவருக்கு நரம்பிழைகள் அறுந்த காயம், மூன்றாமவருக்கு அத்துடன் தொடை எலும்பு முறிவும் குடிப்பழக்கமும். எலிக்குக் கொடுத்த ‘கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்’ என்பதை அப்படியே பெருக்கி, 60 கிலோ மனிதருக்கு 60 மில்லிகிராம் என்று கணக்குப் போடுவதும் பிழை. உடல் மேற்பரப்பை வைத்து மாற்றும் வழக்கமான முறையில் அது ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான் வரும்.

மனிதர்களைப் பற்றிய தரவுகளில் அதிகம் பேசப்பட்டது, 2019ல் வெளியான கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆய்வு. தலையில் அதிர்ச்சிக் காயம் அடைந்த, 66 வயதைக் கடந்த 28,815 பேரைப் பின்தொடர்ந்ததில், ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் ஸ்டாட்டின் எடுப்பவர் யார் என்று பாருங்கள்: மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர், ரத்த அழுத்தத்தையும் கவனிக்கிறவர். அந்தப் பழக்கங்களின் பலனும் மாத்திரையின் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். மருத்துவமனைக்குள் மாத்திரை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகளில் இதைவிட நுட்பமான கண்ணி ஒன்று இருக்கிறது. மாத்திரையை விழுங்கும் நாள்வரை உயிரோடு இருந்தவர்தானே ‘மாத்திரை பெற்றவர்’ பட்டியலில் வர முடியும்? முதல் நாளிலேயே இறந்தவர்கள் அனைவரும் மறுபக்கத்தில் எண்ணப்பட்டால், எந்த மாத்திரையும் உயிர் காக்கும் மாத்திரையாகத் தோன்றும்.

தலைக்காய மருத்துவத்தில் இப்படித் தோன்றியவை பொய்த்த கதை புதிதல்ல. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் கொடுக்கப்பட்டுவந்த ஸ்டீராய்டு ஊசியை 10,008 பேரிடம் முறைப்படி சோதித்த கிராஷ் ஆய்வு, 2004ல் வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9 விழுக்காடு. நல்லது செய்யும் என்று நம்பிக் கொடுத்த மருந்து உயிரைப் பறித்திருக்கிறது. ஸ்டாட்டினுக்கும் ஒரு பாடம் உண்டு: மூளை ரத்தநாளப் புடைப்பு வெடித்தவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் உதவும் என்று சிறு ஆய்வுகள் சொன்னதை நம்பி, 803 பேரிடம் 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் எந்தப் பலனும் காணப்படவில்லை. தலைக்காயத்துக்கு அந்த அளவிலான சோதனை முடிந்து நல்ல விடை வரும்வரை, கொழுப்போ இதய நோயோ இல்லாத ஒருவர், அடிபட்டதற்காக மட்டும் ஸ்டாட்டினைத் தானாகத் தொடங்குவதை என்னால் ஆதரிக்க முடியாது.

சற்று விலக்காகச் சொல்லத்தக்கது, முதியவர்களுக்குச் சிறு அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து மண்டைக்குள் மெல்லச் சேரும் நாட்பட்ட ரத்தக்கட்டு. சீனாவில் 200 பேரிடம் நடத்தப்பட்டு 2018ல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எடுத்தவர்களில் 11.2 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 23.5 விழுக்காட்டினருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. சில நரம்பியல் அறுவை மருத்துவர்கள் இன்று இதை எழுதித் தருவதற்குக் காரணம் இதுதான். ஆனால் உடனடி அறுவை தேவைப்படாதவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள்; அவர்கள் மருத்துவர் கண்காணிப்பிலும் ஸ்கேன் கண்காணிப்பிலும் இருந்தார்கள். தலைவலி கூடுவது, நடை தள்ளாடுவது, ஒரு கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவை தெரியும்போது மாத்திரையை நம்பி வீட்டில் காத்திருப்பது பெரும் பிழை, சி.டி. ஸ்கேன்தான் அப்போதைய தேவை.

மருத்துவரே எழுதித் தந்தாலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தலைக்காயத்துக்குப் பின் வலிப்பைத் தடுக்கக் கொடுக்கப்படும் ஃபெனிடோயினும், கார்பமசெபினும் ஈரலின் நொதிகளைத் தூண்டி, அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதை ஈடுகட்ட ஸ்டாட்டின் அளவைக் கூட்டியிருந்து, பின்னர் வலிப்பு மாத்திரை நிறுத்தப்பட்டால், கூடிய அளவு உடலில் தேங்கும். லெவெடிராசெட்டம் என்ற மற்றொரு வலிப்பு மருந்தில் இந்தச் சிக்கல் இல்லை. சளிக்காகத் தரப்படும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எதிர்த்திசையில் வேலை செய்து சிம்வாஸ்டாட்டினை அபாயகரமான அளவுக்கு ஏற்றும். ஆசிய வம்சத்தினர் உடலில் ரோசுவாஸ்டாட்டின் ஏறக்குறைய இரு மடங்கு சேர்வதால் 5 மில்லிகிராமில் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. வெளிநாட்டு ஆய்வின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். விபத்தில் தசைகளும் நசுங்கியிருந்தால் உடல்வலி எதனால் என்று பிரித்தறிவது கடினம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறதியும் குழப்பமும் தலைக்காயத்தின் எச்சங்கள். அரிதாக ஸ்டாட்டினாலும் அவை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012ல் மருந்துக் குறிப்பில் சேர்த்தது, மாத்திரையை நிறுத்தினால் அவை பெரும்பாலும் மறைந்துவிடும் என்றும் சொன்னது. மாத்திரை தொடங்கிய பிறகு மறதி கூடியதாக வீட்டார் உணர்ந்தால், தொடங்கிய தேதியையும் மாற்றம் தெரிந்த தேதியையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டினால், சில வாரம் நிறுத்திப் பார்ப்பதா, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவதா, மீண்டும் ஒரு ஸ்கேன் எடுப்பதா என்று அவர் முடிவு செய்ய அந்த இரண்டு தேதிகள் உதவும்.