காபரேற்றரில் கை வைக்க முன்: யாழ்ப்பாணத்துப் பழைய ஹொண்டாக்களை ஓட்டி வைத்திருப்பது எப்படி

பழைய ஹொண்டா 50, 70, 90 மோட்டார் சைக்கிள் எதுவானாலும் நடுவழியில் நின்றவுடன் எல்லாரும் முதலில் கழற்றுவது, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரைத்தான். பெற்றோல் இழுக்கவில்லை, அடைத்திருக்கிறது என்பார்கள். கழுவிப் பூட்டியதும் ஓடும். இரண்டு நாளில் திரும்பவும் நிற்கும். கழுவியதால் அல்ல, கழற்றிப் பூட்டுகிற அரை மணித்தியாலத்தில் எஞ்சின் ஆறியதால்தான் அது ஓடியது. பொயின்ற் (மின்சாரத்தை வெட்டிப் பொறி உண்டாக்கும் சிறு தொடுமுனைகள்) உள்ள 6 வோல்ற் எஞ்சினில் முதலில் பிளக்கின் தீப்பொறியைப் பாருங்கள், பிறகு பெற்றோல், பிறகு காற்று, கடைசியாகச் சிலிண்டரின் அமுக்கம். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

வாங்கும்போது பெயின்றைப் பார்த்து மயங்க வேண்டாம். வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்கி, அதை வைத்து எஞ்சினில் வெட்டியிருக்கும் இலக்கத்தையும் சட்டத்தில் வெட்டியிருக்கும் இலக்கத்தையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றிய வண்டிகள் ஊரில் தாராளம். மாற்றியது குற்றமில்லை, புத்தகத்தில் ஏறாததுதான் தலையிடி. பெயர் மாற்றப் பத்திரத்தில் கையொப்பம் வைத்தவரும் புத்தகத்தில் உள்ளவரும் ஒருவரா என்று கேளுங்கள். பிறகு ஒயில் அளவுகோலை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெற்றோல் மணம் அடித்தால், காபரேற்றரின் மிதவைப் பக்கம் ஒழுகி எஞ்சினுக்குள் இறங்குகிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அதனால் தேய்ந்த பிஸ்டனும் கிராங்கும் இன்றைக்கும் சில வண்டிகளுக்குள் இருக்கின்றன. சாவியை மூடிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். ஒரு இடத்தில் நன்றாகத் தடுத்து நிற்க வேண்டும், அதுதான் அமுக்கம். வழுக்கிக்கொண்டு போனால் விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் வண்டிக்குப் பொறி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய 50, 70 இரண்டிலும் பொயின்ற் இடப்பக்க மூடிக்குள், எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரமான பிளைவீலின் பின்னால் இருக்கும். பிளைவீல் காந்தமே பொறிக்கான மின்சாரத்தைத் தருவதால் பற்றறி செத்தாலும் வண்டி ஓடும். பழைய 90களில் பொயின்ற் சிலிண்டர் தலையின் இடப்பக்கத்துச் சிறு மூடிக்குள் இருக்கும். அவை பற்றறி மின்சாரத்தில் பொறி எடுப்பவை. அங்கே பற்றறி இறங்கினால் பொறியும் இறங்கும். எஞ்சின் நின்றபின் சாவியைத் திறந்தபடி விட்டால் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயில் சூடேறும், பற்றறியும் காலியாகும். பிற்காலத்து 12 வோல்ற் வண்டிகளில் பொயின்றே இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் அடுத்த இரண்டு பந்திகளைத் தாண்டலாம்.

பொயின்ற்றின் இடைவெளியைச் சரியாக வைப்பது ஒரு மணித்தியால வேலை. பிளக்கைக் கழற்றினால் எஞ்சின் கையால் சுற்ற இலேசாக இருக்கும். பிளைவீலை இடஞ்சுழியாகச் சுற்றி, பொயின்ற் அதிகமாகத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். முகம் கறுத்தோ ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழியாகவோ இருந்தால் மெல்லிய அரத்தால் இரண்டு முகமும் சரியாக ஒட்டும்வரை தேயுங்கள்; பெற்றோல் தொட்ட தாளை இடையில் வைத்து இழுத்துத் துடையுங்கள். புதுப் பொயின்ற் போட்டாலும் துடைக்க வேண்டும். துருப்பிடிக்காமலிருக்க அதில் ஒரு எண்ணெய்ப் படலம் பூசியிருக்கும். அதைத் துடைக்காமல் பூட்டிவிட்டு, பொறி வரவில்லையென்று கொயில் வாங்கியவர்கள் உண்டு. இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பிடித்திருக்கும் ஸ்குறூவைச் சற்றுத் தளர்த்தி, தகட்டை அசைத்து வைத்து, இறுக்கிய பின் மறுபடியும் அளவுங்கள். இறுக்கும்போது அது அசையும்.

இடைவெளி சரியென்றால் வேலை பாதிதான் முடிந்தது. பிளைவீலின் விளிம்பில் ஆங்கில ‘ரி’, ‘எஃப்’ என்று இரண்டு எழுத்துகளும் பக்கத்தில் கோடும் இருக்கும். ‘ரி’ பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம், ‘எஃப்’ பொறி விழவேண்டிய இடம். சிகரெட்டின் மேல்தாளைச் சிறு துண்டாகக் கிழித்துப் பொயின்ற்றின் இரு முகங்களுக்கிடையில் வையுங்கள். ஒரு கையால் தாளை மிக மெதுவாக இழுத்தபடி மறு கையால் பிளைவீலைச் சுற்றுங்கள். பிடித்திருந்த தாள் விடுபட்டு வழுக்கும் அந்தக் கணத்தில் ‘எஃப்’ கோடு எஞ்சினிலுள்ள குறிக்கு நேரே நிற்க வேண்டும். கோடு வந்துசேர முன்பே தாள் விடுபட்டால் பொறி முந்துகிறது. இடைவெளியைச் சற்றுக் குறையுங்கள். பிந்தினால் கூட்டுங்கள். முந்திய பொறியில் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், சூட்டில் எஞ்சின் தட்டும். பிந்தினால் இழுவை இருக்காது, சைலன்சர் சூடேறும். பிளைவீலைக் கழற்ற நேர்ந்தால் அதை இழுத்துக் கழற்றும் புல்லரை இரவல் வாங்குங்கள். சுத்தியலால் அடித்தால் காந்தம் பலமிழக்கும், கிராங்கின் நுனியும் நசியும்.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் வண்டிக்கு இரண்டு காரணங்களைச் சந்தேகியுங்கள். நின்ற உடனேயே பெற்றோல் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று இழுத்து, அடுத்த உதையிலேயே ஸ்ராட் ஆனால் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் புழுதிக்கு இது வழமை. ஊசியால் குத்தி ஊதினால் தீரும். மூடியைத் திறந்தும் பலனில்லாமல் 20 நிமிடம் ஆறிய பிறகே ஓடினால், பொயின்ற் முகங்களுக்கிடையில் பொறி பாயாமல் காக்கும் கொண்டென்சரை மாற்றுங்கள். கொண்டென்சர் பழுதானால் பொயின்ற் முகங்களுக்கிடையில் பெரிய பொறி பாயும், பிளக்கில் மஞ்சளாக மெலிந்த பொறிதான் வரும், புதுப் பொயின்ற்றும் சில வாரங்களில் கருகும். அது மலிவான சாமான். அதைச் சோதித்துக்கொண்டிருப்பதைவிடப் புதிது போடுவது சுகம். அதற்குப் பிறகும் நின்றால் மட்டும் கொயில்.

பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். 50க்கும் பழைய 90க்கும் மரையின் பருமன் வேறு.

இப்போது காபரேற்றருக்கு வரலாம். பெற்றோல் திறப்பின் (குழாயின்) கீழே சிறு கிண்ணமுள்ள வண்டிகளில் மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, உள்ளிருக்கும் வலையையும் அடியில் நிற்கும் தண்ணீரையும் துருவையும் துடைத்தால் பாதிக் கரைச்சல் வராது. பெற்றோல் வரும் சிறு துளையுள்ள ஜெற்றைக் கம்பியால் குத்தக்கூடாது, ஊதித்தான் எடுக்க வேண்டும். பித்தளையில் ஓட்டை ஒரு மயிரளவு பெருத்தாலும் வண்டி என்றைக்கும் கூடக் குடிக்கும். காற்று ஸ்குறூவை மெதுவாக முட்டும்வரை பூட்டி, ஒன்றேகால் முதல் ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து எஞ்சினின் ஓசைக்கு ஏற்ப அரக்குங்கள். போத்தலில் வாங்கிய பெற்றோலில் சந்தேகமா? வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுங்கள். நல்ல பெற்றோல் அடையாளமில்லாமல் ஆவியாகும். மண்ணெண்ணெய் கலந்தால் எண்ணெய்க் கறை நிற்கும்.

வால்வு இடைவெளியை எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும் விடியற்காலையில் வையுங்கள். பிளைவீலில் பிஸ்டன் உச்சியைக் காட்டும் ‘ரி’ கோட்டை நேராக்கி, சிலிண்டர் தலையில் மேலும் கீழுமுள்ள இரண்டு மூடிகளையும் கழற்றி, வால்வை அமுக்கும் ரொக்கர்களை அசைத்துப் பாருங்கள். இரண்டும் சற்று ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். இரண்டுக்கும் 0.05 மில்லிமீற்றர். சத்தமில்லாமல் ஓடட்டும் என்று அதைவிட இறுக்குபவர்கள் வால்வை எரிக்கிறார்கள். மெல்லிய டிக் டிக் ஓசை இருக்கத்தான் வேண்டும்.

ஒயில் ஏறக்குறைய 800 மில்லிலீற்றர். அளவுகோலைத் துடைத்து, மரையில் பூட்டாமல் துளையில் வைத்து மட்டும் அளவுங்கள். 1000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, ஏனென்றால் காரில் உள்ளதுபோலத் தாள் பில்ரர் இதில் இல்லை. வலப்பக்க மூடிக்குள் ஒரு கம்பி வலையும், சுழன்று அழுக்கைப் பிடிக்கும் ஒரு கிண்ணமும் மட்டுமே உண்டு. கிளச் கழற்றும்போதெல்லாம் இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். காருக்கான ஒயில் வேண்டாம். கிளச் தட்டுகளும் அதே ஒயிலில்தான் நனைகின்றன. கார் ஒயிலில் வழுக்கும்.

கியர் போடும்போது வண்டி துள்ளினாலோ, கியரிலிருந்து நியூற்றலுக்கு வர மறுத்தாலோ கிளச்சைச் சரிப்படுத்துங்கள். வலப்பக்க மூடியின் நடுவிலுள்ள நட்டைத் தளர்த்தி, ஸ்குறூவை வலஞ்சுழியாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிறகு இடஞ்சுழியாக மெதுவாகத் திருப்பிக்கொண்டு வர, ஓரிடத்தில் இலேசாகத் தடுக்கும். அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று வலஞ்சுழியாக வைத்து, ஸ்குறூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த வண்டிகளுக்கு மிகப் பெரிய எதிரி உப்பு. பண்ணைப் பாதையால் வேலணைக்கோ குறிகாட்டுவானுக்கோ போய்வந்தால் அன்றே கழுவுங்கள். ஆனால் தீவுப்பகுதியின் உவர்க் கிணற்றில் கழுவினால் உப்பின் மேல் உப்பு ஏறும்; நல்ல தண்ணீருள்ள இடத்துக்கு வந்து கழுவுங்கள். எஞ்சினிலும் சட்டத்திலும் பூட்டும் எர்த் வயர்களைக் கழற்றி, அடியிலுள்ள துருவைச் சுரண்டி, கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். 6 வோல்ற்றில் கொஞ்சத் துருவே லைற்றை மங்கவைக்கும். பற்றறிக்கு வடித்த நீர் மட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறிவருவது, தட்டுகளுக்கு ஆகாது. மாரி தொடங்க முன், இரவில் முற்றத்து வெளிச்சத்தை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயரில் தண்ணீரைத் தெளியுங்கள். நீலமாக எங்கே மினுங்குகிறதோ அங்கே வெடிப்பு. வயரையோ தொப்பியையோ அப்போதே மாற்றுங்கள்.

செயின் நடுவில் 10 முதல் 20 மில்லிமீற்றர் ஆட வேண்டும். செயினை இணைக்கும் பூட்டின் திறந்த வாய் செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்புறம் பார்க்கட்டும், இல்லாவிட்டால் கல் பட்டுக் கழன்றுவிடும்.

பெட்டிக்குள் வைத்திருங்கள்: பிளக் சாவி, 10, 14, 17 ஸ்பனர்கள், இரண்டு ஸ்குறூ டிரைவர், இடைவெளி அளக்கும் தகடு, துடைத்துச் சுற்றிவைத்த ஒரு பொயின்ற், இடைவெளி வைத்த ஒரு பிளக், ஒரு செயின் பூட்டு, ஒரு முழம் வயர், சிகரெட் தாள் இரண்டு. நின்றால் பிளக்கைக் கழற்றி, தொப்பியில் மாட்டி, மரையை எஞ்சினின் இரும்பில் தொடவைத்து உதையுங்கள். கழற்றிய துளைக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள், பெற்றோல் ஆவி வெளியே வரும். நீலப் பொறி ‘டிக்’ என்று தெறித்தால் பெற்றோல் பக்கம் போங்கள். பிளக் நனைந்திருந்தால் பெற்றோல் திறப்பைப் பூட்டி, திறொட்டிலை முழுதாகப் பிடித்துப் பத்து உதை. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. இப்போதுதான் காபரேற்றரில் கை வைக்கலாம்.