சுவரில் சாயும் மேசை: கன்சோல் டேபிளை நீங்களே அமைப்பது எப்படி?

எங்கள் வீட்டு நடையின் அகலம் 115 செ.மீ. அதில் 45 செ.மீ. ஆழமுள்ள மேசை ஒன்றை ஆசையாக வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உருட்டிக்கொண்டு போனார். மேசையின் முனை பெயர்ந்துவிட்டது. தப்பு அவர் மேல் இல்லை. இன்னொரு தொல்லையும் இருந்தது. பின்கால்கள் சுவரின் அடியில் பதித்த ஸ்கர்ட்டிங் கல்லில் முட்டியதால் மேசைக்கும் சுவருக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. கரண்ட் பில், பென்சில், ஒருமுறை பைக் சாவி என்று எல்லாம் அதற்குள்தான் போய் விழுந்தன.

கடையில் கன்சோல் டேபிள் என்றுதான் கொடுத்தார்கள். ஆனால் உண்மையான கன்சோல் டேபிளுக்குப் பின்கால்களே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

பிரெஞ்சுக் கட்டடக் கலையில் ‘கன்சோல்’ என்றால் சுவரிலிருந்து நீண்டு மேலே இருப்பதைத் தாங்கும் சுருள் வடிவத் தாங்கி. நம் கோயில் தூண்களின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையை நினைத்துக்கொண்டால், அது செய்யும் வேலை புரிந்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சிலும் இத்தாலியிலும் அப்படிப்பட்ட தாங்கிகளின் மேல் பளிங்குப் பலகையை வைத்துச் சுவரோடு பிணைத்தார்கள். முன்பக்கம் மட்டும் ஒன்றோ இரண்டோ கால்கள்; மீதி பாரம் சுவருக்கு. பின்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் செதுக்கலும் தங்கப்பூச்சும் முன்பக்கத்துக்குத்தான். 18ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் இங்கிலாந்துக்கும் பரவியது. அங்கே இரண்டு ஜன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் மேசையைப் போட்டு, அதற்கு மேல் உயரமான கண்ணாடியை மாட்டுவார்கள்.

வெறும் அழகுக்காகச் செய்ததல்ல இது. மின்சாரம் இல்லாத காலத்தில், மேசை மேல் ஏற்றிய மெழுகுவத்தியின் ஒளியைப் பின்னாலுள்ள கண்ணாடி அறைக்குள் திருப்பி அனுப்பும். நம் பழைய வீட்டு மாடக்குழியும் அகல் விளக்கும் கிட்டத்தட்ட அதே வேலையைப் பைசா செலவில்லாமல் செய்தன. பணத்தைப் பற்றிப் பேசினால் வெர்சாய் அரண்மனையைத் தாண்ட முடியாது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அங்கே 357 கண்ணாடிகள் பதித்த கூடத்தைக் கட்டி, மேசை முதல் விளக்குத் தண்டு வரை வெள்ளியிலேயே செய்து நிரப்பினார். கூடம் 1684இல் முடிந்தது. 1689இல் போர்ச் செலவுக்காக அந்த வெள்ளிச் சாமான்களை எல்லாம் உருக்கிவிட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மேசைக்குக் கீழேயும், தரையை ஒட்டிக் கண்ணாடி பதித்தார்கள். பெண்கள் உள்பாவாடை வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் அது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. சுவாரசியமான கதைதான், ஆனால் ஒளியைக் கூட்டவும் அறையைப் பெரிதாகக் காட்டவுமே அந்தக் கண்ணாடி.

இனி வேலைக்கு வருவோம். நான் செய்தது 90 செ.மீ. நீளம், 28 செ.மீ. ஆழம், 78 செ.மீ. உயரம். பின்கால் இல்லை.

படி 1: மேசையை மறந்துவிட்டுச் சுவரை அளங்கள்

நடையின் அகலத்தை அளந்து, நடமாட 85 முதல் 90 செ.மீ. வரை ஒதுக்குங்கள். மிச்சம்தான் மேசையின் ஆழம். எனக்கு 28 கிடைத்தது. 25 கிடைத்தாலும் போதும். செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டித் தரையில் ஒட்டிவிட்டு இரண்டு நாள் நடமாடிப் பாருங்கள். யாராவது மிதித்துக்கொண்டே போனால் அளவைக் குறையுங்கள். கதவு முழுதாகத் திறக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

படி 2: சாமான்கள்

19 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று, அதன் விளிம்பை மூட மெல்லிய தேக்குப் பட்டை (பீடிங்). 5 செ.மீ. சதுரக் கால்கள் இரண்டு. இவற்றைக் கொஞ்சம் நீளமாகவே வாங்குங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். கால்களை இணைக்க 7 செ.மீ. அகலச் சட்டம். சுவரில் பதிக்க 80 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிமனில் ரீப்பர் கட்டை. 75 மி.மீ. ஸ்குரூ நான்கு, 8 மி.மீ. பிளக் நான்கு, சின்ன எல் ஆங்கிள் இரண்டு, பெவிகால், மட்டம் பார்க்க ரசமட்டம். மரக்கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பளிங்கு ஆசை இருந்தால் கடப்பா கல்லைப் போடலாம். இதே அளவில் 2 செ.மீ. தடிமன் கல் சுமார் 13, 14 கிலோ இருக்கும். முதல் முயற்சிக்கு வேண்டாம் என்பேன்.

படி 3: ரீப்பரைச் சுவரில் பதிப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். தரையிலிருந்து 76.1 செ.மீ. உயரத்தில், ரசமட்டம் வைத்துப் படுக்கைக் கோடு போடுங்கள். ரீப்பரின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அதன் மேல் 19 மி.மீ. பலகை ஏறினால் 78. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளை போடவே கூடாது. ஒயர் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

டிரில் பிட்டில் 60 மி.மீ. அளவுக்கு ஒரு டேப் சுற்றிக்கொண்டு துளையுங்கள். முதலில் சாம்பல் நிறத் தூள் உதிரும். அது சிமெண்ட் பூச்சு. பிறகு தூள் சிவப்பாக மாறினால் செங்கல்லுக்குள் இறங்கிவிட்டீர்கள். சிவப்பு வராமல் சாம்பலாகவே வந்து பிட் தடுமாறினால் இரண்டு கல்லுக்கு நடுவே சாந்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். சுவர் முழுக்க எடை குறைந்த பிளாக் கல் என்றால் சாதாரண பிளக் நிற்காது, கடையில் அதற்கான பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டுத்தான் பிளக்கைத் தட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள், நான் மூடவில்லை.

வெறும் பிராக்கெட்டில் நிற்கும் பலகையின் முன் விளிம்பை அழுத்தினால் மேல் ஸ்குரூவைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். முன்னால் இரண்டு கால்கள் இருந்தால் அந்த இழுப்பு இல்லை. அதனால்தான் புதிதாகச் செய்பவர்களுக்கு இந்த முறையைச் சொல்கிறேன்.

படி 4: கால்களை இப்போது வெட்டுங்கள்

பலகையின் பின் விளிம்பை ரீப்பர் மேல் வைத்து, முன் விளிம்பை இன்னொருவர் பிடிக்க, ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். இடது காலுக்கும் வலது காலுக்கும் தரையிலிருந்து தனித்தனியாக அளவெடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் 4 மி.மீ. வித்தியாசம். முன்கூட்டியே ஒரே அளவில் வெட்டியிருந்தால் காலத்துக்கும் அட்டை மடித்துச் செருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கால்களின் தலையில் சட்டத்தைப் பெவிகாலும் ஸ்குரூவும் போட்டு இணைத்து, ஓர் இரவு காயவிட்டுப் பலகையில் பூட்டுங்கள். பின்பக்கம் எல் ஆங்கிளால் பலகையை ரீப்பரோடு அடியிலிருந்து இணைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் யாராவது இழுத்தால் பலகை நழுவி வந்துவிடும்.

படி 5: கண்ணாடியும் விளக்கும்

மேசையைவிட அகலம் குறைந்த கண்ணாடியை, பலகைக்கு 15 முதல் 20 செ.மீ. மேலே மாட்டுங்கள். முன்னால் ஒரு சின்ன விளக்கு. இருட்டான நடைக்கு இந்த ஒரு விளக்கு போதுமானதாகிவிட்டது. வாசலுக்கு நேராகக் கண்ணாடி கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம். பக்கச் சுவரில்தான் ஒளி நன்றாகப் பரவுகிறது.

மேலே சாவிக்கு ஒரு கிண்ணம், தபாலுக்கு ஒரு தட்டு. கீழே பின்கால் இல்லாததால் துடைப்பம் மூலைவரை போகும். செருப்பை அடுக்கி அந்த வசதியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதே மேசையைச் சாப்பாட்டு அறையில் போட்டால் பந்தி நேரத்தில் குழம்பும் ரசமும் வைக்க உதவும். சோஃபாவுக்குப் பின்னால் போடுவதென்றால் மட்டும் இந்த முறை உதவாது. அங்கே பிடிக்கச் சுவர் இல்லை. நான்கு கால்களும் வேண்டும், உயரமும் சோஃபாவின் முதுகைத் தாண்டக் கூடாது. முனை பெயர்ந்த என் பழைய மேசை இப்போது அங்கேதான் நிற்கிறது, பெயர்ந்த பக்கம் சோஃபாவைப் பார்த்தபடி.