ஊழியம் முடித்து வீடு திரும்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிஷன் ஊழியத்துக்குப் புறப்படும்போது மொழிப் பயிற்சி, தடுப்பூசி, விசா என்று மாதக்கணக்கில் தயாராகிறோம். திரும்பும்போது பெட்டி கட்டுவதோடு சரி. சொந்த வீட்டுக்குப் போக என்ன தயாரிப்பு வேண்டியிருக்கிறது என்ற நினைப்புதான் பெரிய தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

புது நாட்டில் எல்லாம் அந்நியமாக இருக்கும் என்பதை எதிர்பார்த்தே போகிறோம். வீட்டைப் பற்றி யாரும் அப்படி எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அதற்குள் நண்பர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், சபையில் புது முகங்கள் வந்திருக்கும், நீங்களும் மாறியிருப்பீர்கள். ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர்கள் 1963-இல் இதை ‘டபிள்யூ’ எழுத்தின் வடிவில் விளக்கினார்கள்: அயல்நாட்டில் ஒருமுறை தாழ்ந்து எழுந்த மனம், வீடு திரும்பியதும் இன்னொரு முறை தாழ்ந்து எழுகிறது.

இது தெரியாததால், திரும்பிய சில வாரங்களில் ஜெபம் வறண்டு எதிலும் பிடிப்பில்லாமல் போகும்போது, விசுவாசமே தளர்ந்துவிட்டது என்று பலர் தங்களைக் குற்றப்படுத்திக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் அங்கே தொலைந்திருப்பது நாளின் ஒழுங்கு. மார்மன் சபை என்று பலரும் அறிந்த பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் இளம் மிஷனெரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் 24 மாதம், பெண்கள் 18 மாதம் ஊழியம் செய்கிறார்கள். எழுவது முதல் படுப்பது வரை அட்டவணை உண்டு, எந்நேரமும் கூடவே ஒரு துணை ஊழியர். ஊர் வந்து, தலைவர் ஊழியத்திலிருந்து விடுவித்து, பெயர் அட்டையைக் கழற்றிய மறுநாள் காலை அட்டவணையும் இல்லை, துணையும் இல்லை. அந்த ஒழுங்கை அப்படியே வீட்டில் தொடர முயன்றால் உடைந்துபோகும். ஓய்வு என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் மீள்வது கடினம். எழும் நேரம், வேத வாசிப்பு, வாரம் ஒரு சேவை என்று இரண்டு மூன்றைப் புறப்படும் முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள். படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிப்பதையும் அப்போதே தொடங்கிவிடுவது நல்லது.

விடைபெறுவதில் நடக்கும் தவறுகள் இன்னும் வலிக்கும், ஏனென்றால் அவை மற்றவர்களைப் பாதிக்கின்றன. “சீக்கிரம் திரும்பி வருவேன்” என்று பாசத்தில் சொல்லிவிடுகிறோம். கேட்பவர்கள் அதை நம்பிக் காத்திருப்பார்கள். நிறைவேற்ற முடியாததைச் சொல்லாதீர்கள். நீங்கள் சந்தித்துவந்த குடும்பங்களுக்கு அடுத்து வருபவரை நேரில் அறிமுகப்படுத்துங்கள். ஊர் போன பிறகும் தினமும் போனில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தால் புது ஊழியர் அங்கே வேரூன்ற முடியாது. நட்பு தொடரட்டும், பொறுப்பு கைமாற வேண்டும்.

அப்புறம், உள்ளூர் சபையை எடுத்த எடுப்பிலேயே “அங்கே இப்படி இல்லை” என்று எடைபோடுவது. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியதும் சபையைக் கூட்டி, தேவன் செய்ததைச் சொன்னார்கள். பிறகு சீஷர்களோடு அநேக நாள் தங்கினார்கள் என்கிறது அப்போஸ்தலர் 14. அந்தத் தங்குதல் முக்கியம் என்று நினைக்கிறேன். அனுபவத்தைச் சொல்லுங்கள், அவர்கள் கடந்துவந்ததையும் கேளுங்கள். நோயாலோ மனச்சோர்வாலோ பாதியில் திரும்புகிறவரைத் தோற்றவராக நடத்துவது வீட்டாரும் சபையும் செய்யக்கூடாத தவறு. அவர் செய்த ஊழியம் ஊழியம்தான்.

உடம்பையும் மறக்காதீர்கள். மலேரியா உள்ள இடத்திலிருந்து வந்தால், விமானம் ஏறியதும் தடுப்பு மாத்திரையை நிறுத்தக்கூடாது. மருந்தைப் பொறுத்து, அந்த இடத்தை விட்டுவந்த பிறகு சிலவற்றை 7 நாளும் சிலவற்றை 4 வாரமும் தொடர வேண்டும். சில வகை மலேரியாக் கிருமிகள் ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் காய்ச்சல் தரும். ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால் அதற்கும் மருத்துவரைப் பாருங்கள். ஜெபத்தோடு சேர்த்தே பாருங்கள்.