கப்சாய்க்குப் பொருந்திய சின்ன பேட்டரி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது, என் கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) 'டிக் டிக்' என்று மட்டும் சொல்லும். மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். ஓர் இரவு முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் மல்டிமீட்டரை வைத்தேன்: 11.8 வோல்ட். நல்ல பேட்டரி என்றால் 12.6க்குக் குறையக்கூடாது.

கடையில் "இது கொஞ்சம் பெரிசு தம்பி, பவர் நிக்கும்" என்று ஒய்டிஎக்ஸ்-5எல் ரகப் பேட்டரி ஒன்றைக் கொடுத்தார்கள். நானும் தலையாட்டி வாங்கி வந்துவிட்டேன். நீளமும் அகலமும் சரி, உயரம்தான் 106 மில்லிமீட்டர். என் வண்டியின் பேட்டரிப் பெட்டியோ 85க்குச் செய்தது. அமுக்கி மூடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த இரும்பு மூடி பாசிட்டிவ் முனையில் பட்டால் தீப்பொறிதான்.

மறுநாள் பழைய பேட்டரியையே கையில் எடுத்துக்கொண்டு போய் மாற்றினேன். ஒய்டிஇசட்-5எஸ்: 113, 70, 85 மில்லிமீட்டர், கொள்திறன் 3.5 ஆம்பியர்-மணி. அதே அளவில் ஒய்டிஎக்ஸ்-4எல்-லும் உண்டு, ஆனால் அது 3தான். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்து வாங்குங்கள். மாறியிருந்தால் ஒயர் எட்டாது.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். லேசாக ஆடியது, பழைய டயர் டியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் செருகினேன். அப்புறம் எஞ்சினை முடுக்கிப் பார்த்தேன்: 14.2 வோல்ட். சார்ஜிங்கில் கோளாறு இல்லை. இப்போது பட்டனைத் தொட்டாலே போதும்.