தேடுகுழலை நேர்ப்படுத்த லேசர் வேண்டாம்

தொலைநோக்கியின் தேடுகுழலை (இலக்கைத் தேடிப் பிடிக்கப் பெரிய குழலின் மேல் பொருத்திய சிறு குழல்) பெரிய குழலோடு நேராக்க லேசர்க் கருவிக்குக் காசைக் கொட்டாதீர்கள். பகல் வெளிச்சமே போதும். மட்டக்களப்பு கல்லடி வாவிக்கரையில் நின்று, அரைக் கிலோமீற்றருக்காவது அப்பால் உள்ள கோபுர உச்சியைக் குறிவையுங்கள். 20 மீற்றரில் நிற்கும் தென்னை உதவாது: இரு குழல்களுக்கும் இடையிலுள்ள 10 சென்ரிமீற்றர் இடைவெளியே இரவில் நிலாவின் பாதி அகலத்துக்கு மேல் பிழை காட்டும்.

பெரிய குழலின் 25 மி.மீ. கண்வில்லையில் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) உச்சியை நடுவுக்குக் கொண்டுவந்து, தேடுகுழலின் குறுக்கிழையையும் அதே உச்சியில் நிறுத்துங்கள். தேடுகுழலைப் பிடித்திருக்கும் ஆணிகளில் ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்குங்கள். அவசரப்பட்டால் குழல் வழுகிவிடும். பிறகு, இன்னும் பெரிதாக்கிக் காட்டும் 10 மி.மீ. கண்வில்லையில் மறுபடி சரிபாருங்கள்.

சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே வேண்டாம், கண் போய்விடும்.